பால் பத்தலைன்னு சொன்னது யாரு?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கிராமங்களில் 31 வருஷம் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கர்ப்பம், பிரசவம், குழந்தை வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு இன்று 12 நாள். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2 கிலோ 720. நேற்று போட்டதில் 2 கிலோ 890. பார்க்க வருகிற ஒறம்பரையெல்லாம் ‘பையன் இளைச்சுப் போயிட்டான், பால் பத்தலை, பசும்பால்ல தண்ணி ஊத்திக் குடு’ என்கிறார்கள். ராத்திரி மணிக்கொரு தரம் அழுகிறான். எனக்கே சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, சென்னிமலை

மூணு எடையையும் மறக்காம எழுதுனீங்க பாருங்க அம்மிணி, பாதிப் பதில் அதுலயே இருக்கு.

எந்தக் குழந்தையும் மொதல் மூணு நாலு நாள்ல எடை எறங்கும். ஒடம்புத் தண்ணி கொஞ்சம் வத்தும், தாரு மாதிரி கருப்பா மலம் போகும். நூத்துக்குப் பத்து வரைக்கும் எறங்கலாம். உங்க பையனுக்கு அது 290 கிராம். அவன் எறங்குனது 180 தான். அப்புறம் ஏழு நாள்ல 170 ஏறியிருக்கான். ஒரு நாளைக்கு 24 கிராம் வருது. 20லிருந்து 30 கிராம் ஏறுனா சரியான வளர்ச்சி. ரெண்டு வாரத்துல பொறந்த எடைக்கு வந்து சேரணும், அதுக்கு இன்னும் 10 கிராம்தான் பாக்கி. ‘இளைச்சுட்டான்’னு சொன்னவங்க யாராச்சும் அவனைத் தராசுல வெச்சுப் பார்த்தாங்களா?

14ஆம் நாள் அதே தராசுலயே போடுங்க. துணி, அரைஞாண் கொடி எல்லாத்தையும் கழட்டிட்டுப் போடுங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஸ்பிரிங் தராசைச் சாளை விட்டத்துல மாட்டி, தூளியில குழந்தையை உக்கார வெச்சு எடை பார்ப்போம். ஒரு வீட்டுல போன மாசத்தைக் காட்டிலும் ரொம்ப ஏறியிருந்துச்சு, எனக்கும் வெகு சந்தோஷம். பொறவுதான் பார்த்தேன், அமுச்சி வீட்டுல போட்ட வெள்ளிக் கொடியும் தண்டையும் காப்பும் சேர்ந்து ஆடிக்கிட்டு இருக்கு!

தராசு இல்லாத நாளைக்கு ஈரத்துணி இருக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல கொடியில காயற துணியை எண்ணிட்டுத்தான் நான் உள்ளயே போவேன். பழைய வேட்டியைக் கிழிச்சுப் போட்ட துண்டுக, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. அஞ்சாம் நாளுக்கு மேல, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகணும், அதுவும் மஞ்சளில்லாம வெளுப்பாப் போகணும். அப்படிப் போனா பால் உள்ள போகுதுன்னு அர்த்தம். இப்ப எல்லாரும் டயப்பர் மாட்டிடறாங்க, எண்ணிக்கையே தெரியறதில்லை. ரெண்டு நாளைக்கு அதைக் கழட்டி வெச்சுட்டுத் துணி கட்டிப் பாருங்க.

ராத்திரி அழுகிறான்னா, ராத்திரி குடுங்க. ஒரு நாளைக்கு எட்டுலிருந்து பன்னெண்டு தடவை குடிக்கிற வயசு இது. குழந்தை எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு ஊறும். செலவு ரசம், பூண்டு, கருவாடு, நாட்டுக்கோழிச் சாறு, வீட்டுல என்ன வெச்சுக் குடுத்தாலும் நல்லாச் சாப்பிடுங்க, பெத்த ஒடம்பு தேறணும். ஆனா பாலை ஊற வெக்கிறது அந்த வட்டல்ல இருக்கிறது இல்லீங்க, பையனோட வாய். காம்பு நுனியை மட்டும் கவ்வுனா உங்களுக்கும் புண்ணாகும், அவனுக்கும் பால் வராது. வாயை நல்லாத் தெறக்க வெச்சு, கருவட்டம் பெரும்பாலும் உள்ள போற மாதிரி, தாடை மார்புல அழுந்தற மாதிரி அணைச்சுப் புடிங்க. தலை ஒரு பக்கம் வயிறு ஒரு பக்கம் திருகாம, அவன் வயிறு உங்க வயித்தைத் தொடணும்.

பசும்பாலுக்கு வர்றேன். 1988ல என் மூத்த பொண்ணுக்கு இருபதாம் நாள் நானே பசும்பால் குடுத்தேன். பயிற்சியெல்லாம் முடிச்சு வேலையில இருக்கிறவ. ஊரெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு, எங்க வீட்டுல மாமியார் டம்ளரை நீட்டுனப்ப வாங்கிக்கிட்டேன். வயிறு நெறைஞ்சு அவ தூங்கிட்டா, என்கிட்ட இழுக்கறது கொறைஞ்சுது, பால் கட்டுச்சு, வத்துச்சு. அடுத்த மாசம் பேதி, ஆஸ்பத்திரியில நாலு நாள். ‘பால் பத்தலை’ங்கிற பேச்சு அப்படித்தான் நெசமாகுது. மாட்டுப் பால்ல உப்பும் புரதமும் கூடுதல், பச்சைக் குழந்தையோட சிறுநீரகம் தாங்காது. தண்ணி ஊத்துனா சத்து கொறையும், கிருமி சேரும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூட வேண்டாம், இந்தப் பங்குனி வெயில்லயும்.

எப்பப் பயப்படணும்? 14ஆம் நாள் பொறந்த எடை வராட்டி, ஈரத்துணி ஆறுக்குக் கொறைஞ்சா, எழுப்பியும் குடிக்காமத் தூங்கிக்கிட்டே கெடந்தா, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் ஏறுனா, ஒடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, அன்னிக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க. ஒறம்பரைகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதல் கர்ப்பம், 19 வாரம். சத்து மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. நிறுத்திவிட்டேன். இன்னும் குழந்தை அசையவே இல்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

கருப்பாப் போறது மாத்திரையில இருக்கிற இரும்பு, கண்ணு. ரத்தமில்லை. நிறுத்தாதீங்க, இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க. ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், 11க்குக் கீழ எறங்குனா சோகை; நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற உங்களுக்கு அது தலைச்சுத்தலா வந்து நிக்கும்.

எனக்குச் சந்தேகம் உங்க டீ மேலதான். கம்பெனியில காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, கூட வடை. டீயோட சேர்ந்தா இரும்பு ஒடம்புல ஒட்டாமப் போயிரும். மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காப்பி கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதோட சேர்த்து முழுங்காதீங்க, ஒண்ணை ஒண்ணு தடுக்கும். கால்சியம் காலையிலயும் மத்தியானமும் சாப்பாட்டுக்குப் பொறவு, இரும்பு ராத்திரி படுக்கப்போறப்ப ஒரு நெல்லிக்காயோட. மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, நெறையத் தண்ணி. கம்பெனியில பாத்ரூம் போகணும்னு தண்ணி குடிக்காம இருக்கிற பொண்ணுகளை நெறையப் பார்த்திருக்கேன். அது வேண்டவே வேண்டாம்.

அசைவு? மொதப் பிள்ளைக்கு 18லிருந்து 20 வாரத்துலதான் தெரிய ஆரம்பிக்கும், சில பேருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். மொதல்ல வயித்துக்குள்ள மீன் துள்ளுன மாதிரிதான் இருக்கும், வாயுன்னு நெனச்சுக்குவீங்க. 24 வாரம் ஆகியும் தெரியலைன்னா கட்டாயம் காட்டுங்க. குழந்தையோட உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன் 18லிருந்து 20 வாரத்துக்குள்ள எடுக்கணும். உங்களுக்கு இந்த வாரமே லீவு கேக்க வேண்டியிருக்கு.

24லிருந்து 28 வாரத்துக்குள்ள சர்க்கரைத் தண்ணி டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140க்குக் கீழ இருக்கணும். வெறும் வயித்துல வரணும்னு இல்லை. தூரத்துலருந்து பஸ் ஏறி வர்ற கர்ப்பிணிகளுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்னு எனக்குத்தான் தெரியும். இந்த முறையை முன்னெடுத்தவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா.

கட்டுச்சோத்து விருந்துல ஏழு வகைச் சோறும் சாப்பிடுங்க, போச்சாது. ஆனா தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்குனா, முகம் வீங்குனா, ரத்தமோ தண்ணியோ போனா, அசைஞ்சுக்கிட்டு இருந்த குழந்தையோட அசைவு கொறைஞ்சா 108தான்.

அரசு உதவித்தொகை 18,000 ரூபாய் முழுதும் பணமாகவே கிடைக்குமா?
– வாசகர், தாராபுரம்

இல்லீங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல 14,000 பணம், 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். மொதல் ரெண்டு பிரசவத்துக்கு. உங்க சம்சாரம் 12 வாரத்துக்குள்ள செவிலியர்கிட்டப் பதிஞ்சாங்களான்னு பார்த்துக்குங்க.

பேத்திக்கு உரை மருந்து, சேனை, சாம்பிராணி, மூக்கில் எண்ணெய் எதையும் மகள் விடமாட்டேன் என்கிறாள். இவளையே நான் அப்படித்தான் வளர்த்தேன்.
– ஒரு அமுச்சி, கோபி

மக பேச்சுல கொஞ்சம் சூடு இருந்திருக்கும்போல, அதை மன்னிச்சுருங்க அக்கா. விஷயத்துல நான் அவ பக்கம். சேனைக்குத் தேன் வெக்கிறீங்க. ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையைத் துவண்டு போக வெச்சுரும். உரை மருந்துல வசம்பு எவ்வளவு எறங்குதுன்னு கல்லுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. மூக்குல ஊத்துன எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்த குழந்தையை நானே தூக்கிக்கிட்டு ஓடியிருக்கேன். சாம்பிராணிப் புகையும் அந்த மூச்சுக்கு ஆகாது. தொப்புள்கொடியில சாம்பலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். காத்தோட்டமா விட்டா தானா விழுந்துரும்.

ஒடம்புக்கு எண்ணெய் தேய்க்கிறது மட்டும் உங்க வேலைதான், அதை மக தடுத்தா என் பேரைச் சொல்லுங்க. உங்க மாதிரிக் கால் நீட்டி உக்காந்து அந்தச் சின்ன ஒடம்பைப் போட்டு நீவ அவளுக்கு இன்னும் பழகலை. செக்குத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சுச் சூடாக்கி, கால்லருந்து ஆரம்பிங்க. மூக்குக்கிட்ட வந்ததும் கையை எடுத்துருங்க.