வெட்டிய ஃபிரேம் திரும்ப முளைக்காது: பழைய பிரிட்டிஷ் ட்ரையல்ஸ் வண்டிகள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: நடக்கும் வேகத்தில் பாறை மேல் ஊர்ந்து போகும் வண்டியில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது?

காலைத் தரையில் ஊன்றாமல் ஏறுவதுதான் ட்ரையல்ஸ் போட்டி. ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி போகும். வண்டி நின்றுவிட்டால் ஐந்து போகும். 1961-இல் கார்டன் ஜாக்சன் 350 சிசி ஏ.ஜே.எஸ். வண்டியில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றபோது, ஆறு நாளிலும் சேர்த்து அவர் இழந்தது ஒரே ஒரு புள்ளி. கனமான ஃப்ளைவீலும் குறைந்த கம்ப்ரஷனும் கொண்ட எஞ்சின், ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடலாம் என்ற நிதானத்தில் ஈரப் பாறையில் இழுத்து ஏறுவதை ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பழைய ட்ரையல்ஸ் வண்டிகளுக்கான வகுப்புக்கு 'ப்ரீ-65' (1965-க்கு முந்தையவை) என்று ஏன் 1965-ஐ எல்லையாக வைத்தார்கள்?

பிரிட்டனின் கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. ஏரியல் வண்டியில் வென்றுகொண்டிருந்த சாமி மில்லர், 1964-இன் இறுதியில் ஸ்பெயினின் புல்டாகோவுக்குப் போனார். அடுத்த ஆண்டே, 90 கிலோ சொச்சம் எடையுள்ள அந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றார்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் பைக் ஒன்று வாங்கினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன காரணம்?

எந்த வண்டி, எந்த ஆண்டு, பிளக்கில் பொறி வருகிறதா, பெட்ரோல் இறங்குகிறதா என்று ஒரு சொல்லும் இல்லை. வயிறு வலிக்கிறது என்று மட்டும் தந்தி அடித்தால் எந்த மருத்துவர் மருந்து எழுதுவார்? இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: என் மாட்ச்லெஸ் ஜி3எல்சி, குளிர்ந்திருக்கும்போது முதல் உதையிலேயே எழுகிறது, இருபது நிமிடம் ஓடிச் சூடானபின் நிறுத்தினால் எழுவதே இல்லை. கார்புரேட்டரை மூன்று முறை கழுவிவிட்டேன்.

நான்காவது முறை கழுவ வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி, பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைக் காட்டுகிறது. சுருள் சுழலும் வகை லூகாஸ் மேக்னெட்டோவில் கண்டென்சர், சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து மாற்ற வழியில்லை. சூடேறியதும் அதுவோ பழைய சுருளின் காப்போ தளர்ந்து பொறி மெலிந்துபோகிறது. சுருளை மறுபடி சுற்றி, இக்காலக் கண்டென்சரை வைத்துத் தரும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். கழற்றுமுன் டைமிங்கை, அதாவது பொறி விழும் தருணத்தை, குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சொல்வதை இங்கும் சொல்கிறேன்: முதலில் படம், பிறகு அளவு, அதன் பிறகே ஸ்பேனர்.

கேள்வி: என்னிடம் ஒரு ஏரியல் எச்.டி.5 இருக்கிறது. சாமி மில்லரின் வண்டியைப் போல எடையைக் குறைக்க, ஃபிரேமின் பின்பகுதியை வெட்டி மெல்லிய குழாய் பற்றவைக்கவும், ஹப்பிலும் பிரேக் தட்டிலும் துளையிடவும் நினைக்கிறேன். எவ்வளவு வரை வெட்டலாம்?

ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது.

தொழிற்சாலையிலிருந்து வந்த எச்.டி.5 ஏறத்தாழ 130 கிலோ. மில்லர் தம்முடைய ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண் கொண்ட எச்.டி.5 வண்டியை ஆண்டுக்கணக்கில் இழைத்து 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதைச் செய்தபோது அது நேற்று வந்த வண்டி; அவர் தொழிற்சாலையின் ஓட்டுநர்; அடுத்த வாரம் போட்டி. அவர் வெட்டிய ஒவ்வொரு துண்டும் இன்று வரலாறு. நீங்கள் வெட்டும் துண்டு வெறும் காயலான் கடைச் சரக்கு. எச்.டி.5 சில ஆண்டுகளே உற்பத்தியான வண்டி. கை படாத ஃபிரேம்கள் இப்போதே அரிது. எடை குறைய வேண்டுமென்றால் அலாய் ரிம், அலாய் டேங்க், இலகுவான இருக்கை என்று கழற்றி மாற்றக்கூடியவற்றை மாற்றுங்கள். அசலைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். புது ஃபிரேம், புது ஃபோர்க், எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் போட்டு, டேங்கில் மட்டும் பழைய பெயரை ஒட்டி 'ப்ரீ-65' என்று இறக்குபவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது நேற்றுப் பிறந்த வண்டி. ஓட்டுங்கள், ஆனால் தாத்தாவின் பெயரை வைக்காதீர்கள்.

இந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு கோபம். இருபத்தைந்து வயதில், ஒரு பி.எஸ்.ஏ. ஃபிரேமில் சைட்கார் மாட்டுவதற்கென வார்த்திருந்த காதுகளை 'வீண் எடை' என்று அரத்தால் ராவித் தள்ளினேன். மொத்தமாகக் கால் கிலோ குறைந்திருக்கும். பின்னாளில் வாங்க வந்த பெரியவர் பெயின்ட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டி, அந்தத் தழும்புகளில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் விலையில் கால் பங்கைக் குறைத்தார். வெட்டுமுன் படம் எடுங்கள், அளவு குறியுங்கள். இரண்டும் முடிந்ததும் ரம்பத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் தயாரான 350 புல்லட்டை ஜானி பிரிட்டனின் வண்டியைப் போல மாற்றலாமா?

தாராளமாக. ராயல் என்ஃபீல்டின் ஓட்டுநர் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றது 350 புல்லட்டில்தான். அந்த எஞ்சினின் வழித்தோன்றல்தான் திருவொற்றியூரில் பல்லாண்டு காலம் தயாரானது. கம்பெனியே 2019-இல் 'புல்லட் ட்ரையல்ஸ்' என்று அந்த நினைவில் ஒன்றை விற்றது. மேலேறும் சைலன்சர், ஒற்றை இருக்கை, கியரிங்கைக் குறைக்கச் சிறிய முன் ஸ்ப்ராக்கெட், சற்றுப் பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட் ஆகியவை போதும். விற்கும்போது 'ரெட்டிச் வண்டி' (இங்கிலாந்தின் மூலத் தொழிற்சாலையில் தயாரானது) என்று சொல்லாதீர்கள். எஞ்சினிலும் ஃபிரேமிலும் பொறித்த எண்களைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு?

போட்டிப் பாதையில் முன்னால் ஆறு, பின்னால் ஐந்து பி.எஸ்.ஐ. அளவில். டயர் ரிம்மில் வழுக்காமலிருக்க செக்யூரிட்டி போல்ட் கட்டாயம். சாலையில் இந்தக் காற்றோடு போகாதீர்கள்.

கேள்வி: மெட்ரிக் ஸ்பேனர் செட் போதுமா?

போதாது. போல்ட் தலைகள் உருண்டுவிடும். பழைய பிரிட்டிஷ் அங்குல அளவான விட்வொர்த்தில் ஸ்பேனர் ஒரு செட் வாங்குங்கள். மரையும் வேறு: இந்த வண்டிகளில் வரும் 'சைக்கிள் மரை' என்ற பிரிட்டிஷ் வகை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. விரலால் மூன்று சுற்று ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது.

கேள்வி: அறுபதுகளின் ஃபைபர்கிளாஸ் டேங்கில் இப்போதைய பெட்ரோலை ஊற்றலாமா?

கூடாது. எத்தனால் அந்தப் பழைய ரெசினை இளக்கிவிடும்; கரைந்தது கார்புரேட்டரில் பிசினாகச் சேரும். அலாய் டேங்க் ஒன்றைச் செய்து மாட்டுங்கள். பழையதை எறியாதீர்கள், படம் எடுத்து, அளவு குறித்து, பரணில் வையுங்கள்.