அண்ணா சாலைக் கடையை அவசரப்பட்டு விற்காதீர்கள்

கேள்வி: அண்ணா சாலையில் தாத்தா காலத்து மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழே கடைகள். முன்பக்கம் சாலை விரிவாக்கக் கோட்டுக்குள் வருவதாகச் சொல்லி ஒரு புரோக்கர் பாதி விலைக்குக் கேட்கிறார். இல்லையென்றால், பணம் கொடுத்தால் கோட்டை எடுத்துத் தருகிறாராம். என்ன செய்வது?

பதில்: விற்க வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். வரைபடத்தில் கோடு இருப்பதால் மட்டும் நிலம் அரசுக்குப் போய்விடாது. எடுக்க வேண்டுமென்றால் நோட்டீஸ் தந்து, உங்கள் ஆட்சேபணையைக் கேட்டு, இழப்பீடு கொடுக்க வேண்டும். நீங்களே இடித்துப் புதிதாகக் கட்டும்போதுதான் அந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டிவரும்; ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு கேட்கலாம்.

பக்கத்துக் கடைக்கு எத்தனை அடி போகிறது என்று பார்த்துப் பயப்படாதீர்கள். இது ஒரே அகலத்தில் அளந்து போட்ட சாலை இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன வழி. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726-ல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் பாலம் கட்டிக்கொடுத்தார். இருபுறமும் இருந்த தோட்ட வீடுகள் பின்னாளில் துண்டு துண்டாகக் கைமாறின. அதனால் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிலை என்று சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோட்டை மாற்றுவது அரசு முறைப்படி செய்யவேண்டிய வேலை. எந்த புரோக்கராலும் அது ஆகாது. "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று ஒரிஜினல் பத்திரத்தைக் கேட்பார்கள், அப்புறம் பவர் எழுதித் தரச் சொல்வார்கள். இரண்டுக்கும் இணங்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் நிலைமையே வேறு. இதே சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010-ல் தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. பட்டியலில் உள்ளதைச் சொந்தக்காரர் நினைத்தாலும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். பழைய கட்டடம் எல்லாமே பட்டியலில் இருப்பதில்லை. உங்களுடையது இருக்கிறதா என்பதையும் சிஎம்டிஏவிலேயே கேளுங்கள்.

அதற்கு முன் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். பத்திரத்தில் மவுண்ட் ரோடு என்ற பழைய பெயர், பழைய கதவு எண். வரி ரசீதில் அண்ணா சாலை, புதிய எண். நில அளவைப் பதிவேட்டில் இன்னமும் தாத்தா பெயர் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஒரே அரசின் மூன்று அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் மக்களை அலையவிடுவது அநியாயம். புரோக்கர்கள் பிழைப்பதே இதனால்தான். வாரிசுச் சான்றிதழோடு போய், முதலில் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றுங்கள்.