தோசை சாப்பிட வந்தவரின் இடுப்பில் துப்பாக்கி

கேள்வி: நானும் என் கணவரும் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸை ஒட்டிய புறநகர் ஒன்றில், ஆறு ஆண்டுகளாகத் தென்னிந்திய உணவகம் நடத்திவருகிறோம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்து அமர்ந்தார். அவர் இடுப்பில் உறைக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. அதைச் சட்டையால் மறைக்கவும் இல்லை. மரியாதையாகப் பேசினார், மசாலா தோசை சாப்பிட்டார், டிப்ஸ் வைத்தார், காபி நன்றாக இருக்கிறது, மீண்டும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பக்கத்து மேசையில் இருந்த குடும்பம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறிவிட்டது. எங்களிடம் பரிமாறும் வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண்ணுக்குக் கை நடுங்கிச் சாம்பார் மேசையில் சிந்தியது. இனிச் சனிக்கிழமைகளில் தன்னைச் சமையலறைப் பக்கமே வைத்துக்கொள்ளும்படி அன்று மாலை அவள் கேட்டாள். துப்பாக்கியோடு வரக் கூடாது என்று வாசலில் எழுதிவைக்கலாம் என்கிறேன் நான். "பிழைக்க வந்த ஊரின் சட்டத்தோடு நாம் மோதக் கூடாது, வியாபாரமும் போய்விடும்" என்கிறார் கணவர். பியர், ஒயின் விற்கவும் உரிமம் வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன செய்வது?
வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி தவறான புரிதல். வாசலில் அறிவிப்பு மாட்டுவது டெக்சாஸ் சட்டத்தோடு மோதுவது ஆகாது. அந்தச் சட்டமே கடைக்காரருக்குக் கொடுத்திருக்கும் உரிமை அது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தன் சொந்த இடத்தில் யார் எதைக் கொண்டுவரலாம் என்று ஒரு தனியார் உணவகம் முடிவெடுப்பதை அது தடுப்பதில்லை. 2016 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை உறையில் இட்டு வெளியே தெரியும்படி அணிந்து செல்லலாம் என்று டெக்சாஸ் அனுமதித்தபோது, அதே சட்டத்தில் கடைக்காரர் அதை மறுப்பதற்கான வழியையும் சேர்த்தே எழுதினார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய பெரும்பாலானோருக்கு உரிமமே தேவையில்லை என்று ஆனபோதும் அந்த வழி அடைபடவில்லை.

அறிவிப்பை மாட்டுங்கள் என்பதே என் முடிவு. ஆனால் எதற்காக மாட்டுகிறோம் என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும். வந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டப்படி வந்தார், குடும்பத்தோடு உண்டார், நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குற்றவாளியாக நினைத்து எழுதப்படும் அறிவிப்பு அவருக்கு அநீதி செய்வதாகும். என் மனதில் நிற்பவள் கை நடுங்கிய அந்தப் பெண். உணவகத்தின் விதி என்னவென்று யாரும் சொல்லாதபோது, ஆயுதம் அணிந்த ஒருவருக்கு முன்னால் அதைத் தானாகவே தீர்மானிக்க வேண்டிய சுமை, அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் தலையில் விழுகிறது. சொல்லலாமா, கூடாதா, சொன்னால் கோபப்படுவாரா என்ற கணக்கையெல்லாம் ஒரு கையில் சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு அவள் போட வேண்டியிருந்தது. வாசலில் தொங்கும் பலகை அவளுக்கு முன்பே பேசிவிடும்.

டெக்சாஸ்காரர்கள் ஏன் உணவகத்துக்குள்ளும் துப்பாக்கியோடு வர விரும்புகிறார்கள் என்பதை நாம் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து காரில் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் கில்லீன் நகரில், 1991 அக்டோபர் 16 அன்று, லூபிஸ் என்ற உணவகத்தின் கண்ணாடிச் சுவரை பிக்கப் வண்டியால் இடித்துக்கொண்டு நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அன்று தாய் தந்தையோடு அங்கே உண்டுகொண்டிருந்த சுசானா ஹப், மறைத்து எடுத்துச் செல்வது அந்நாளில் சட்டவிரோதம் என்பதால் தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரையும் அங்கேயே பறிகொடுத்த அவர், பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, இந்த உரிமைக்காகத் தொடர்ந்து பேசினார். உரிமத்தோடு மறைத்து எடுத்துச் செல்வதை அனுமதிக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995இல் கையெழுத்திட்டதற்குப் பின்னால் அந்த மதிய உணவு வேளை இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் தன் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு துப்பாக்கியோடு வந்ததற்கும் இப்படி ஒரு நினைவு காரணமாக இருக்கலாம்.

நம்மவர்களின் அச்சத்துக்கும் அதே அளவு காரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில், வேலை முடிந்து ஒரு மதுக்கூடத்தில் நண்பரோடு அமர்ந்திருந்த ஹைதராபாத் பொறியாளர், இனவெறுப்பு கொண்ட ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 மே மாதம் உங்கள் டல்லஸ் பகுதியிலேயே, ஆலன் நகர வணிக வளாகத்தில் கொல்லப்பட்ட 8 பேரில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் ஒருவர். எழுந்து போன அந்தக் குடும்பத்தின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்: கொல்ல வருபவனை எந்த அறிவிப்புப் பலகையும் நிறுத்தாது. பலகையை மாட்டிவிட்டதால் கடை பாதுகாப்பாகிவிட்டது என்று நீங்கள் நம்பிவிடக் கூடாது. சாதாரணச் சனிக்கிழமைகளில் சாதாரண மனிதர்கள் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தாமல் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குத்தான் அது உதவும், அந்த அளவில் அது மிகவும் உதவும்.

வியாபாரம் போய்விடும் என்பது உங்கள் கணவரின் கவலையில் மறுபாதி. உங்களுக்கு முன்னால் இதே சிக்கலில் நின்ற பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன என்று பாருங்கள். ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2013 செப்டம்பரில், கடைகளுக்குத் துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அது தடை அல்ல, வேண்டுகோள் என்று அவர் அதிலேயே தெளிவாகச் சொன்னார். தடை விதித்தால் ஆயுதம் அணிந்தவர்களைத் தடுத்து நிறுத்தும் வேலை காபி போடும் ஊழியர்கள் மேல் விழும் என்பது அவர் சொன்ன காரணம். 2014 மே மாதம், டல்லஸ் பகுதியின் சிபோட்லே உணவகம் ஒன்றில் சிலர் நீளத் துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழைந்து படமும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது டெக்சாஸில் கைத்துப்பாக்கியைத்தான் வெளியே காட்டக் கூடாது. நீளத் துப்பாக்கிக்கு அந்தத் தடை இல்லை. அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவே அப்படி வந்தார்கள். உடனே சிபோட்லேயும், சில நாட்களில் சில்லீஸ், சோனிக் உணவகங்களும், துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. துப்பாக்கி உரிமைக்காகவே இயங்கும் தேசிய ரைபிள் சங்கத்தின் தளத்தில்கூட, உணவகங்களில் இப்படி நடந்துகொள்வது விசித்திரமானது என்று ஒரு குறிப்பு வெளியானது. எதிர்ப்பு வந்ததும் அதைத் தவறு என்று சொல்லி விலகிக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது வாட்டபர்கரின் கதை. 1950இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் பிறந்த, அந்த மாநிலத்தார் தங்கள் சொந்தக் கடை என்று கொண்டாடும் உணவகம் அது. புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2015 ஜூலையில், வெளியே தெரியும்படி துப்பாக்கி அணிந்து வருவதைத் தங்கள் கடைகளில் அனுமதிக்கப் போவதில்லை என்று அதன் தலைவர் கடிதம் எழுதினார். தானே ஒரு வேட்டைப் பிரியர், மறைத்து எடுத்துச் செல்லும் உரிமமும் வைத்திருப்பவர் என்பதை அவர் அதில் குறிப்பிட்டார். உரிமம் பெற்றவர்கள் மறைத்து எடுத்துவருவதற்கு அவர் தடை சொல்லவில்லை. அந்த உணவகம் இன்றும் டெக்சாஸ் முழுவதும் கூட்டத்தோடு நடக்கிறது. துப்பாக்கிக்கு எதிரி என்ற பெயர் அதற்கு வந்துவிடவும் இல்லை. உங்களுக்கும் அந்த நடுவழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் முறையில் கவனம் தேவை. துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒட்டுப்படத்தை வாங்கிக் கதவில் ஒட்டினால் போதாது. மாநிலத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென மூன்று பிரிவுகள் இருக்கின்றன. 30.07 என்பது உரிமம் பெற்றவர் வெளியே தெரியும்படி அணிந்து வருவதைத் தடுக்கும் அறிவிப்பு. 30.06 என்பது உரிமம் பெற்றவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுப்பது. 30.05 என்பது உரிமம் இல்லாதவர்கள் துப்பாக்கியோடு நுழைவதைத் தடுப்பது. பலரும் 30.07ஐ மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2021க்குப் பிறகு உரிமமே இல்லாமல் அணிந்து வருபவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே நீங்கள் 30.05, 30.07 இரண்டையும் மாட்டுங்கள். அப்போது உரிமம் பெற்று, துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவர் மட்டுமே உள்ளே வர முடியும். அவரை யாரும் கவனிக்கப் போவதில்லை, யாரும் எழுந்து போகப் போவதுமில்லை. எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் 30.06ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாசகங்களை உங்கள் நடையில் எழுதாதீர்கள். சட்டத்தில் உள்ள வாசகம் சொல் மாறாமல், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில், ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். மாநில அலுவலகங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் மற்ற சான்றிதழ்களுக்கு நடுவில் இதைச் செருகிவிடாதீர்கள். முதல் முறை ஒரு டெக்சாஸ் உணவகக் கதவில் இதைப் பார்த்தபோது சுகாதாரத் துறையின் ஏதோ தாள் என்று எண்ணி நானே படிக்காமல் கடந்து போனேன். பியர், ஒயின் உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கேயே அமர்ந்து குடிக்கும் மதுவிலிருந்து 51 விழுக்காடோ அதற்கு மேலோ வருமானம் பெறும் கடைகளில் சட்டமே துப்பாக்கியைத் தடுத்துவிடுகிறது. இட்லி, தோசையில் நடக்கும் உங்கள் கடைக்கு அது பொருந்தாது.

அறிவிப்பு மாட்டிய பிறகும் ஒருவர் அணிந்து வந்தால், பெரும்பாலும் அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். அப்போது பேச வேண்டியவர் நீங்கள் அல்லது உங்கள் கணவர், வேறு யாரும் அல்ல. பரிமாறும் பெண் உங்களிடம் வந்து சொல்வதோடு அவள் வேலை முடிந்துவிட வேண்டும். மற்றவர்கள் காதில் விழாதபடி அருகில் சென்று, வரவேற்று, வாசலில் இருக்கும் அறிவிப்பைச் சொல்லி, காரில் வைத்துவிட்டு வந்தால் மேசையை அப்படியே வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். காரில் விட்ட துப்பாக்கி திருடு போவது அங்கே அடிக்கடி நடப்பதால் அவர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு; பார்சல் கட்டி வாசலிலேயே கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லுங்கள். அறிவிப்பை மீறி நுழைவது 200 டாலர் வரை அபராதத்துக்குரிய சிறு குற்றம்தான். நேரில் சொன்ன பிறகும் வெளியேற மறுத்தால் அது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரியதாக மாறுகிறது. ஆனால் அந்தச் சட்டத்தை அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லி வாதாட வேண்டாம். ஒரு முறை சொல்லுங்கள், மறுத்தால் விலகி வந்து காவல்துறையை அழையுங்கள்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கறுப்பின இளைஞர் அணிந்து வந்தால் தடுப்பதும், வெள்ளையர் குடும்பத்தோடு வந்தால் கண்டுகொள்ளாமல் விடுவதும், புதிதாகத் துப்பாக்கி வாங்கிய நம் ஊர் நண்பர் காட்ட வந்தால் சிரித்துக்கொண்டே உட்காரவைப்பதும் கூடாது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டப்படி இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து உணவகம் யாரையும் நடத்தக் கூடாது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நாமும் அங்கே கடை வைத்திருக்கிறோம். காவல்துறையினர் மட்டும் விலக்கு. பணியில் இல்லாத நேரத்திலும் அவர்கள் துப்பாக்கியோடு வருவதைப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் கடைகள் தடுக்க முடியாது என்பது டெக்சாஸ் சட்டம்.

அச்சிடக் கொடுப்பதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிவிடுங்கள். வந்ததும், தெருப் பக்கக் கதவில் மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 30.07 அறிவிப்பு ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலான குடும்பங்கள் காரை விட்டு இறங்கி, வாகன நிறுத்தத்தை ஒட்டிய பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அன்று அவரும் அந்த வழியாகத்தான் வந்திருப்பார்.