இரண்டு பெட்டிக்குள் அடங்கும் ஷோவை முதலில் தயார் செய்யுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள் வீடுகளில் மேஜிக் செய்கிறேன். ஒரு ஷோவுக்கு 4,000 ரூபாய். முழுநேர மேடைக் கலைஞராக ஆசை. வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தில் பெண்ணை இரண்டாக அறுக்கும் பெட்டி செய்யலாமா? புறா வாங்கலாமா? கை காலைக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்துத் தப்பிக்கும் வீடியோ போட்டால் ஒரே நாளில் பெயர் வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். 2019 ஜூன் மாதம் கொல்கத்தாவில் சஞ்சல் லாஹிரி என்ற மேஜிக் கலைஞரைக் கை கால் கட்டி ஹூக்ளி ஆற்றில் இறக்கினார்கள். அவர் மேலே வரவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது. அவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவம் உள்ளவர். நனைந்த பருத்திக் கயிற்றில் முடிச்சு இறுகும், பூட்டில் மணல் புகும், கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, நீங்கள் சிக்கிக்கொண்டீர்களா, வேடிக்கைக்காக நேரம் எடுக்கிறீர்களா என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் புரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இப்போது பெட்டி. அறுக்கும் வித்தையை ஆங்கிலேய மேஜிக் கலைஞர் பி.டி. செல்பிட் லண்டனில் மேடையேற்றியது 1921 ஜனவரியில். 1956 ஏப்ரலில் வங்கத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் அதை பிபிசி தொலைக்காட்சியில் செய்தபோது நேரம் முடிந்து ஒளிபரப்பு சட்டென நின்றது. பெண் செத்தே போய்விட்டாள் என்று நினைத்த நேயர்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் குவிந்தார்கள். அந்தப் பதற்றத்தைக் கொண்டுவந்தது ரம்பம் மட்டுமல்ல. எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது முகம் மாறுவது என்ற நிதானமும், படுத்திருந்த பெண்ணின் நடிப்பும் சேர்ந்துதான். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். நிதானம் மேடையேறி மேடையேறித்தான் வரும்.

பெட்டியோடு வரும் செலவையும் பாருங்கள். ஏற்றிப் போக மினி லாரி, தூக்க இரண்டு ஆள், மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வரும் ஒரு பெண் கலைஞர், கூரையுள்ள ஓர் இடம். பெட்டி அவர் உடல் அளவுக்கு அமைவது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அதே உயரமும் வாகும் உள்ள ஒருவர் கிடைக்கும்வரை அது மூலையில் கிடக்கும். மழைக்காலத்தில் பிளைவுட் ஊறி மூடி இறுகும். வெயிலில் காய்ந்து இடுக்கு விடும். மண்டபத்து வாசல் குறுகலாக இருந்தால் மேடைவரைக்கும்கூடப் போகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் பார்வைக் கோணம். பெட்டி வித்தைகளில் பெரும்பாலானவை நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை மனதில் வைத்து அமைத்தவை. நமது கல்யாண மண்டபத்தில் நேர் எதிரே இருப்பவர்கள் பாதிப்பேர்தான். மேடையின் இரு ஓரத்திலும் போட்டோகிராபர், வீடியோகிராபர், பின்னால் எல்.இ.டி. திரை பளிச்சென்று எரியும். பக்கவாட்டுக் கதவில் சமையல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பின்வெளிச்சத்தில் துணியும் மெல்லிய பலகையும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். மாடத்தில் இருப்பவர்களுக்கு மேலிருந்து பெட்டிக்குள் தெரியும். மூன்றடி மேடைக்குக் கீழே தரையில் உட்காரும் குழந்தைகளுக்கு உங்கள் உள்ளங்கைக்கும் மேஜைக்கும் அடிப்பக்கம் தெரியும். நாலாபுறமும் கூட்டம் நிற்க, தெருவில் மோடி வித்தை என்னும் நாட்டுப்புற மேஜிக் காட்டியவர்கள் இந்தக் கஷ்டத்தை எந்தப் பெட்டியும் இல்லாமல் சமாளித்தார்கள். நீங்கள் அவர்கள் வழியில் போவதுதான் நல்லது.

ஆகவே, இரண்டு சூட்கேஸில் அடங்கி, பஸ்ஸில் ஏற்றிப் போகக்கூடிய 40 நிமிட ஷோ ஒன்றைக் கட்டுங்கள். கடைசி வரிசைக்குத் தெரியும் சாமான்களாகப் பாருங்கள். காசு வித்தை நான்காவது வரிசைக்கு மேல் எடுபடாது. சீன வளையம் (ஒன்றோடொன்று கோத்துப் பிரித்துக் காட்டும் உலோக வளையங்கள்) என்றால் 12 அங்குலம் வாங்குங்கள்; 10 அங்குலம் வீட்டுக்கூடத்துக்குத்தான். கயிறு மெத்தென்ற பருத்தியாக, ஏறக்குறைய இரண்டரை மீட்டர். பட்டுத் துணி 24 அங்குலச் சதுரம். ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால் ஷோவுக்கு முன்னால் இஸ்திரி போட்டுவிடுங்கள். சீட்டுக்கட்டும் ஈரத்தில் வளையும், ஜிப் கவரில் வையுங்கள். திறந்தவெளி என்றால் சீட்டையும் பட்டையும் எடுக்கவே வேண்டாம், காற்று கெடுத்துவிடும்.

முதல் மூன்று நிமிடம் பேசாமல், இசையோடு, விறுவிறுப்பாக. பிறகு பேச்சு. நடுவில் பார்வையாளர் ஒருவர் மேடைக்கு வரும் ஐட்டம் இரண்டு. எது நன்றாகக் கைதட்டு வாங்குகிறதோ அது கடைசியில். குழந்தையை அழைப்பதானால் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை மேடையில் உறைந்து நிற்கும், பதின்மூன்று வயதுப் பையன் ரகசியத்தைப் பிடிக்கத்தான் வருவான். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழையுங்கள், படியில் ஏறி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளையை வைத்துச் சிரிப்பு மூட்டாதீர்கள். கைதட்டு அதற்கே போக வேண்டும்.

ஒத்திகைக்குக் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். ரகசிய அசைவு வரும் கணத்தில் தன்னையறியாமல் கண் சிமிட்டும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். அதனால் தவறு கண்ணாடியில் தெரியாது. செல்போனை இடது ஓரம், வலது ஓரம், தரை மட்டம் என மூன்று இடத்தில் மாற்றி வைத்து, நடுவில் நிறுத்தாமல் முழு ஷோவையும் படம் பிடியுங்கள். கை தவறினாலும் தொடருங்கள். மேடையில் தவறும்போது மீள்வதற்கும் அதுதான் பயிற்சி. பதற்றத்தில் வேகம் கூடும், 40 நிமிட ஷோ 28 நிமிடத்தில் முடிந்துபோகும். வசனத்தை எழுதி மனப்பாடம் செய்தால் வேகம் அடங்கும்.

காதில் மாட்டும் மைக், மாற்று பேட்டரி, போனில் இறக்கி வைத்த இசை, போன் ஏரோபிளேன் மோடில். இந்த நான்கும் எப்போதும் உங்களுடையதாக இருக்கட்டும், மைக்செட்காரரை நம்ப வேண்டாம். பளிச்சென்று எரியும் ஃபிளாஷ் பேப்பரை, தெர்மாகோலும் உலர்ந்த பூவும் கட்டிய மேடையில் கொளுத்தவே கூடாது. காய்ந்த நிலையில் மொத்தமாகச் சேர்த்து வைப்பதும் ஆபத்து.

புறா, முயலைக் காட்சியில் பயன்படுத்த, 2001ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். பச்சைக்கிளியை வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். திருநெல்வேலி வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஓர் உயிர் படும் பாட்டை நினைத்தால், எங்கள் யோசனை வேண்டாம் என்பதுதான்.

வருமானத்துக்கு வருவோம். 4,000 ரூபாயில் வண்டி, உதவியாள், தீர்ந்துபோகும் சாமான் என 1,500 போனால் மிச்சம் 2,500. மாதம் 8 ஷோ கிடைத்தாலும் 20,000தான். அதுவும் எல்லா மாதமும் கிடைக்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழாக்கள், கம்பெனி குடும்ப விழாக்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளி ஆண்டு விழாக்கள். ஏப்ரல், மே கோடை முகாம்கள். பள்ளி திறக்கும் ஜூனிலும் ஆடியிலும் போன் அடிக்காது. மார்கழியில் கல்யாண ரிசப்ஷன் இருக்காது. அந்த மாதங்களுக்கு வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கத்தில் எழுத்து வாங்குங்கள், வாட்ஸப்பில் என்றாலும் போதும். மேடை குறைந்தது 15க்கு 12 அடி, பின்னால் கறுப்புத் திரை, மேடைக்குப் பின்னும் ஓரத்திலும் ஆள் நிற்கக் கூடாது, முதல் வரிசை ஆறடி தள்ளி, ஷோ பந்தி தொடங்குவதற்கு முன். முன்பணம் பாதி, மீதி மேடை ஏறுவதற்கு முன். இலை போட்ட பிறகு ஷோ தொடங்கினால் நாற்காலிதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மனதைப் படிப்பதுபோன்ற ஐட்டம் செய்தால், ஷோ முடிந்ததும் ஒருவர் ஒதுக்குப்புறமாக வந்து காணாமல்போன நகை எங்கே, மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பார். நான் காட்டியது பயிற்சியால் வந்த வித்தை, எனக்கு அருள் எதுவும் கிடையாது என்று அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் நம்பி வந்திருக்கிறார்.

வேலையை எப்போது விடலாம்? ஒரே ஷோவை 30 வெவ்வேறு இடங்களிலாவது செய்திருக்க வேண்டும். உங்களைப் பார்த்தவர்களே பேரம் பேசாமல் அழைக்க வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்க வேண்டும், பி.எஃப். அதில் சேராது. அதற்குள் ஒரு விடுமுறையில் திருவனந்தபுரம் போய்வாருங்கள். கேரள மேஜிக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 1996இல் மேஜிக் அகாடமி தொடங்கிய ஊர் அது. வாழக்குன்னம் நம்பூதிரி வளர்த்த கைவித்தை மரபு கேரளத்தில் ஆழமாக வேரூன்றியது. பயிற்சி விவரங்களை நேரில் விசாரியுங்கள். ஒரே ஷோவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கலைஞரை. இரண்டாம் முறை, அவர் ஒவ்வொரு கணத்திலும் கூட்டத்தின் கண்ணை எங்கே அனுப்புகிறார் என்று கூட்டத்தை.