புறமும் கோளும்: கேட்டவர்களுக்கு எழுதிய பதில்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். நாவினால் விளையும் தீங்குகளைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்ததற்குச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. யாரைப் பற்றிக் கேட்கிறீர்களோ அவருடைய பெயர், தெரு, தொழில் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பலர் எழுதிவிட்டார்கள். அவற்றை நீக்கிய பிறகே இங்கே தருகிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: நான் இல்லாததைச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். அதுவும் புறம் பேசுவதாகுமா?

ஆகும். இதே ஐயத்தை நபித்தோழர்களே கேட்டிருக்கிறார்கள். "உங்கள் சகோதரர் வெறுக்கும் ஒன்றைச் சொல்லி அவரைப் பற்றிப் பேசுவதே புறம்" என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியபோது, "நான் சொல்வது அவரிடம் இருந்தாலுமா?" என்று கேட்கப்பட்டது. இருந்தால் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்று பதில் வந்ததாக முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஆகவே, உண்மை என்பது இதில் தப்பிக்கும் வழியன்று; உண்மையாக இருப்பதால்தான் அது புறம் என்ற பெயரையே பெறுகிறது. நபியவர்களின் மனைவியரில் ஒருவரான ஸஃபிய்யா (ரலி) அவர்கள் உயரம் குறைந்தவர் என்பதை இன்னொரு மனைவியான ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சொல்லால் சுட்டியபோது, அந்தச் சொல்லைக் கடல்நீரில் கலந்தால் கடலே மாறிவிடும் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அதுவும் உண்மையான செய்திதான்.

குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், புறம் பேசுவதற்கு இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதை ஏன் உவமையாக்கியது என்று எண்ணிப் பாருங்கள். கடிக்கும் வாயைப் பிணத்தால் தடுக்க முடியாது. அந்த இடத்தில் இல்லாத மனிதரும் தம்மைப் பற்றிய பேச்சுக்கு ஒரு மறுமொழிகூடச் சொல்ல முடியாது.

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: நோன்பில் புறம் பேசினால் நோன்பு முறியுமா?

பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தில் முறியாது, கூலி பாழாகும்.

கிச்சிப்பாளையத்திலிருந்து ஒருவர்: புறம் பேசுவது விபசாரத்தைவிடக் கொடியது என்ற ஹதீஸை (நபிமொழியை) எங்கள் குடும்பக் குழுவில் பகிரலாமா?

வேண்டாம். அதை நபியவர்கள் சொன்னதாக வழிவழியாக அறிவித்தவர்களின் தொடர் பலவீனமானது. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற நபிமொழி, நல்ல நோக்கத்தோடு பகிர்பவருக்கும் பொருந்தும்.

மேலும் மூவர்: உள்ளதைச் சொன்னால் தவறா? அவர் முகத்துக்கு நேராகவும் சொல்வேனே?

முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். நேரில் சொல்லும் துணிவு இருக்கிறதென்றால் நேரில், தனியாக, அவர் திருந்துவதற்காகச் சொல்லுங்கள். அந்தத் துணிவைக் காட்டி, அவர் இல்லாத இடத்தில் பேச அனுமதி வாங்க முடியாது.

ஏற்காட்டிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்கு வந்த வரனைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். "நான் புறம் பேச மாட்டேன்" என்று வாயை மூடிக்கொண்டார். மணமான எட்டாம் மாதமே மகள் அடிபட்டு வீடு திரும்பினாள். அவர் மௌனம் சரியா?

உங்கள் மகளுக்கு அல்லாஹ் ஆறுதலளிப்பானாக. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியாவும் அபூஜஹ்மும் பெண் கேட்டபோது, அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார். அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் (பெண்களை அடிப்பவர்), முஆவியா பொருளில்லாத ஏழை, நீ உஸாமாவை மணந்துகொள் என்று நபியவர்கள் ஒளிவின்றிச் சொன்னார்கள். மார்க்க அறிஞர் இமாம் நவவி, ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற நபிமொழித் தொகுப்பில் புறம் பேச அனுமதியுள்ள ஆறு நிலைகளைத் தொகுத்திருக்கிறார். அநீதியை முறையிடுவதும், தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பதும், மண ஆலோசனையில் உண்மை சொல்வதும் அவற்றில் அடங்கும். பெண்ணைப் பெற்றவர் கேட்கும்போது, அறிந்த ஆபத்தை மறைப்பது பேணுதலன்று.

சூரமங்கலத்தவர் மீண்டும்: இப்படித் திறந்துவிட்டால் சம்பந்தம் பேசுகிறோம் என்ற பெயரில் ஊரே வம்பளக்குமே?

அளக்கிறது என்பதையும் அறிவேன். ஆனால் கதவை அடைத்தால் இந்தத் தந்தையின் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். எல்லை தெளிவானது: கேட்பவருக்கு அதில் பொறுப்பு இருக்க வேண்டும், தேவையான அளவுக்கே சொல்ல வேண்டும், "இந்த இடம் பொருந்தாது" என்ற ஒரு சொல்லிலேயே அவர் விலகிக்கொண்டால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லக்கூடாது. பையனின் அக்காள் யாரோடு போனாள் என்பது மண ஆலோசனையில் வராது.

ஏற்காட்டுத் தந்தை மீண்டும்: அப்படியானால் மௌனம் காத்தவர் பாவிதானே? அவர் யாரென்றால்...

அந்த வரியை நீக்கிவிட்டேன், மன்னியுங்கள். அவர் எதை அறிந்திருந்தார் என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. மார்க்கச் சட்டத்தைச் சொன்னேன். அவர் மீது தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

லைன்மேட்டிலிருந்து ஒரு சகோதரி: மாமனார் சொத்தில் என் கணவருக்குரிய பங்கு...

இது வேறு பொருள். பாகப்பிரிவினை அறிந்த முஃப்தியிடம் (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞரிடம்) ஆவணங்களோடு செல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர்: கோள் என்பது என்ன? ஒருவர் கோள் கொண்டுவந்தால் என்ன செய்வது? நானே சொல்லிவிட்டிருந்தால்?

ஒருவருடைய பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய் இருவரையும் பிரிப்பதே கோள். இரண்டு கப்றுகளை (கல்லறைகளை) கடந்தபோது, உள்ளே இருந்தவர்களில் ஒருவர் கோள் சுமந்து திரிந்ததற்காக வேதனை செய்யப்படுகிறார் என்று நபியவர்கள் சொன்னார்கள். கலீஃபா (ஆட்சித் தலைவர்) உமர் இப்னு அப்துல் அஸீஸிடம் ஒருவர் கோள் கொண்டுவந்தபோது, "நீர் பொய் சொன்னால் 'தீயவன் செய்தி கொண்டுவந்தால் விசாரியுங்கள்' என்ற வசனத்துக்கு உரியவர், மெய் சொன்னால் 'கோள் சுமந்து திரிபவன்' என்ற வசனத்துக்கு உரியவர், விரும்பினால் மன்னிக்கிறோம்" என்றார். வந்தவர் மன்னிப்பையே கேட்டார். ஆகவே நம்பாதீர்கள், தடுத்து நிறுத்துங்கள், துருவிப் பார்க்காதீர்கள், "இன்னார் வந்து இப்படிச் சொன்னார்" என்று நீங்களும் அதைச் சுமக்காதீர்கள்.

மூன்றாம் கேள்விக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன். என் அத்தா (தந்தை) செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். ஒரு வாரம் எடையில் வெள்ளி குறைந்தது. பற்றவைக்கும் தொழிலாளி ஒருவர் மடியில் முடிந்து போவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அத்தா அதை நம்பி, அன்று மாலையே மூன்று பட்டறைகளில் சொல்லிவிட்டார். அந்தத் தொழிலாளிக்கு அந்தத் தெருவில் வேலையே கிடைக்காமல் போனது. மாதங்கள் கழித்து, பட்டறைப் பலகையை நகர்த்தி, அடியில் சேர்ந்திருந்த அரத்தூளையும் மண்ணையும் வாரி உருக்கியபோது, குறைந்த வெள்ளி ஏறக்குறைய அப்படியே கிடைத்தது.

அத்தா அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டபோது நானும் கூட இருந்தேன். அவர் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். "நான் மன்னித்துவிட்டேன் பாய், ஆனால் எந்தெந்தப் பட்டறையில் சொன்னீர்களோ அங்கெல்லாம் போய் இதையும் சொல்லுங்கள்" என்றார். மறுநாள் காலை அத்தா மூன்று பட்டறைகளுக்கும் போனார். இரண்டில் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவதில், அந்தச் செய்தி அங்கிருந்து பனங்காடு வரை போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தா பனங்காட்டுக்கும் நடந்தார்.

பெயர்களோடு வந்த மீதிக் கடிதங்களைப் பதில் எழுதாமல் அழித்துவிட்டேன்.