எந்தக் கோடு, டீச்சர்?

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கம் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நாங்குநேரி அருகே ஒரு கிராமத்தில் இருக்கும், முழுக்கப் பார்வையற்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாயங்காலம் கூகுள் மீட்டில் கணக்கு சொல்லித்தருகிறேன். எதற்கும் "சரி டீச்சர்" என்கிறாள். திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. இவர்களுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்தவே முடியாதா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

நடத்தலாம், ஆனால் காதை மட்டும் நம்பி நடத்த முடியாது. அவள் விரலுக்கடியில் ஏதாவது இருக்கவேண்டும்.

அந்த "சரி டீச்சர்" வெறும் மரியாதை. நம்மூர்ப் பிள்ளைகள் டீச்சரை மறித்துப் பேசமாட்டார்கள். நேரில் என்றால் தாளில் விரல் தயங்கி நிற்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். மீட்டில் அது தெரியாது.

"இதை இதால பெருக்கி அந்தப் பக்கம் கொண்டு போ" என்று நாம் எல்லோரும்தான் சொல்கிறோம். அவளுக்கு எது இது? "எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் இரண்டு" என்றால் இரண்டு வகுப்பது மூன்றை மட்டுமா, எல்லாவற்றையுமா? கண்ணுக்குக் கோட்டின் நீளம் சொல்லிவிடும், காதுக்குச் சொல்லாது. "பின்னம் ஆரம்பம், தொகுதி எக்ஸ் கூட்டல் மூன்று, பகுதி இரண்டு, பின்னம் முடிந்தது" என்று சொல்லிப் பாருங்கள். ஆபிரகாம் நெமத் என்ற கணிதப் பேராசிரியர் உருவாக்கிய பிரெய்லி கணிதக் குறிமுறையிலும் பின்னத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனிக் குறிகள் உண்டு. அவரும் பார்வையற்றவர்.

ஸ்கிரீன் ஷேர் அவளுக்கு உதவாது. அது அந்தப் பக்கம் வெறும் வீடியோவாகத்தான் போகிறது. போனில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் செயலியால் அதை வாசிக்க முடியாது. வாட்ஸப்பில் அனுப்பும் நோட்டுப் படமும் அப்படித்தான். யூனிகோடில் தட்டச்சு செய்து, வகுப்புக்கு முன்பே அனுப்புங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் டாக்பேக் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். பாடத்தின் நடுவே சாட்டில் எதையும் போடாதீர்கள், உங்கள் குரல்மேலேயே டாக்பேக் அதை வாசிக்கும். (கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைகளின் பாடு வேறு. பெரிதாக்கினால் கணக்கின் ஒரு மூலைதான் தெரியும்.)

இனி விரல். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளி தொடங்கியது 1890இல். இத்தனை காலம் பிரெய்லி புழங்கும் மாவட்டத்தில் நீங்கள் தனியாக அல்லாட வேண்டியதில்லை. வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்பாசிரியர் இருப்பார். அவளிடம் டெய்லர் பிரேம் (சின்ன அச்சுகளைத் துளைகளில் செருகி, தொட்டுப் பார்த்துக் கணக்குப் போடும் பலகை) இருக்கிறதா, நெமத் குறிகள் தெரியுமா என்று அவரிடம் முதலில் விசாரியுங்கள். தெரியாவிட்டால் அதை நேரில் கைபிடித்துத்தான் பழக்கவேண்டும். அந்த ஒரு வேலை ஆன்லைனில் ஆகாது என்பதே என் அபிப்பிராயம்.

முக்கோணத்துக்கு ஈர்க்குச்சியை ஒடித்து அட்டையில் ஒட்டலாம். வட்டத்துக்குப் பீடி சுற்றும் நூல் போதும், நம் பக்கம் அது கிடைக்காத தெரு இல்லை. முனைகளில் அ, ஆ, இ என்று பிரெய்லியில் குத்தித்தரச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அப்புறம் மீட்டில், "அ-விலிருந்து ஆ-வுக்கு விரலை ஓட்டு" என்று சொன்னால் அவளே "எந்தக் கோடு, டீச்சர்?" என்று கேட்க ஆரம்பிப்பாள்.

பிரெய்லி தாள்களைச் சாதாரணத் தபாலில் 7 கிலோ வரை இலவசமாக அனுப்பலாம். கட்டின்மேல் 'பார்வையற்றோருக்கான இலக்கியம்' என்று எழுதுங்கள். ஈர்க்கு அட்டைக்கு மட்டும் தனியாகத் தபால்தலை ஒட்டிவிடலாம். அடுத்த வாரம் முக்கோணம் என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.