ஏழாம் மாதம், பி.பி. இருக்கிறது: வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. போன முறை பி.பி. ஏறி, 25ஆவது வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இப்போது 28 வாரம். ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பிரின் எடுக்கிறேன். போன மாதம் முதல் பி.பி. மாத்திரையான லேபட்டலாலும் சேர்த்திருக்கிறார்கள். பி.பி. 130/84 வருகிறது. கோவையில் இருக்கிறோம். வளைகாப்பு முடித்து அம்மா ஊருக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர். போகலாமா?

பதில்: 28 வாரத்தைத் தொட்டுவிட்டீர்கள். போன முறை இழந்த அந்த வாரத்தைத் தாண்ட எத்தனை இரவுகள் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள இடத்தில் 28 வாரத்தில் பிறக்கிற குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. உங்கள் கேள்விக்கான பதிலும் ‘என்.ஐ.சி.யு. உள்ள இடத்தில்’ என்பதில்தான் இருக்கிறது.

வளைகாப்பைத் தாராளமாகச் செய்யுங்கள். மாத்திரை நேரம் மட்டும் தவறக் கூடாது. ஊருக்குப் போவது இந்த முறை வேண்டாம்; அம்மா உங்களோடு வந்து இருக்கட்டும். கடைசி மூன்று மாதங்களில்தான் பி.பி. கட்டுமீறுவது அதிகம். காலையில் சரியாக இருந்தவருக்கு இரவில் வலிப்பு வரை போகலாம். அந்த நேரத்தில் 40 கிலோமீட்டர் என்பது பெரிய தூரம். அதோடு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, குழந்தையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் பழைய ரிப்போர்ட் எல்லாம் தெரிந்த டாக்டரே அதைப் பார்ப்பது நல்லது.

போயே ஆக வேண்டிய நிலை வந்தால், ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்காமல், பக்கத்துச் சீமாங் மையத்துக்கு (பிரசவ அவசர சிகிச்சைக்கான அரசு ஆஸ்பத்திரி மையம்) முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய் ஃபைலைக் காட்டிவிடுங்கள். 24 மணி நேரமும் சிசேரியன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி வேண்டும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் வேண்டும். பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த எண்) கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்குங்கள்; மேல்கையில் கட்டுகிற வகைதான் வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். 140/90 இரண்டு முறை வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 160/110 வந்தால் 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கை நிறைய வளையல் அடுக்குவார்கள் அல்லவா, அதுவும் ஒரு அளவுகோல்தான். நேற்று வரை முழங்கை வரை புரண்ட கண்ணாடி வளையல் இன்று காலை மணிக்கட்டில் பிடித்துத் தடம் விழுந்தால், மோதிரம் கழலாவிட்டால், கண்ணிமை உப்பியிருந்தால் உடனே பி.பி. பாருங்கள். மாலையில் கால் மட்டும் வீங்கி, படுத்து எழுந்ததும் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. வீக்கத்துக்குப் பயந்து உப்பில்லாச் சாப்பாடு சாப்பிட வேண்டியதில்லை, அதனால் பி.பி. குறைந்துவிடாது.

ஒரு வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும். வீட்டில் ‘வாயு’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்வார்கள். அது பி.பி.யால் கல்லீரல் பாதிக்கப்படும்போது வருகிற வலியாகவும் இருக்கலாம். என்னிடம் தாமதமாக வந்து சேர்ந்த பல பெண்கள் இந்த ஓமத் தண்ணீரில் ஓர் இரவைக் கழித்துவிட்டு வந்தவர்கள். இந்த வலியோ, விடாத தலைவலியோ, கண்ணில் பூச்சி பறப்பதோ இருந்தால், மெஷினில் எண் சரியாகவே இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குழந்தையின் அசைவை தினமும் ஒரே நேரத்தில் கவனியுங்கள். சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு தெரிய வேண்டும். குறைந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக அடங்கிவிட்டாலோ, இனிப்பு சாப்பிட்டுவிட்டு நாளை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்; ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு மறுக்க வேண்டாம். போன முறை போலவே ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பி.பி. ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வந்தாலும், தீவிரமாகாமல் இருந்தால் 37 வாரத்தில் பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம். ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடம் அடுத்த முறையே கேட்டு வையுங்கள்.

அப்புறம், குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகும் மெஷினை உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பி.பி. மறுபடி ஏறுவது உண்டு. முதல் வாரம் தினமும் பாருங்கள். அதே தலைவலி, அதே மேல்வயிற்று வலி ஆறு வாரத்துக்குள் எப்போது வந்தாலும், குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.